எண்பத்தொரு பெயர்

பட்டியல்காரிக்கும் அவள் ஓரகத்திக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. புருஷனின் தம்பி பெண்டாட்டி அவள். ஒரே வீட்டில் மாடியில் இவள், கீழே அவள். வேலையும் ஒரே பஸ் டிப்போவில், ஒரே அறையில், அடுத்தடுத்த மேசை. நடுவில் மூன்றடி இடம், அதில் ஒரு தண்ணீர் கேன். அந்தக் கேனோடு இரண்டு பேரும் பேசுவார்கள். பிரிண்டரோடு பேசுவார்கள். தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனோடு பேசுவார்கள். ஒருத்தி முகத்தைப் பார்த்து இன்னொருத்தி பேசினாள் என்று அந்த டிப்போவில் ஒரு டிரைவர் சாட்சி சொல்ல மாட்டான். ஆனால் சண்டை மட்டும் ஒரு நாள் தவறாது.

"பிரிண்டரே, காலையிலயே சில மூஞ்சியப் பார்த்தா உனக்கு எப்படி மை இறங்கும்?" என்பாள் பட்டியல்காரி.

"தண்ணிக் கேனே, உன்னை மாதிரி எல்லாருக்கும் வாய்க்கு ஒரு மூடி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்பாள் ஓரகத்தி.

எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் போடுவதுதான் பட்டியல்காரியின் வேலை. ஐம்பது வயது. அவள் போட்டது போட்டதுதான். தங்கச்சிக்குக் கல்யாணம் என்று வந்து நின்றாலும் சரி, பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் சரி, முதல் நாளே எழுதிக் கொடுக்காதவனுக்கு ஷிஃப்ட் மாறாது. அதனால் டிப்போவில் அவளை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. இதில் யாருக்கும் யாரும் பாக்கி இல்லை.

ஈவிரக்கம் இல்லாதவள் என்று அவளைச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் அவள் எங்கேயிருந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்றும் சொல்ல வேண்டாமா? இருபத்தெட்டு வயதில் பஸ் கழுவ வந்தவள் அவள். பதின்மூன்று வருஷம் கழுவினாள். ஷெட்டில் எப்போதும் கணுக்கால் வரை தண்ணீர், சோப்பும் டீசலும் கலந்த தண்ணீர். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெந்து வெடித்துப்போகும். அவள் குனிந்து சக்கரத்தைத் தேய்க்கும்போது டிரைவர்கள் சத்தம் போடாமல் மேலே ஏறி ஹாரனை அழுத்துவார்கள், துள்ளுகிறாளா என்று பார்க்க. துள்ளினால் சிரிப்பு. துள்ளாவிட்டால் இன்னொரு தடவை.

ஆனால் எந்த பஸ் எப்போது உள்ளே வந்தது, எது வரவில்லை, எவன் லேட் என்பதெல்லாம் அவள் மண்டையில் இருந்தது. அப்போதிருந்த பட்டியல் கிளார்க் ஷெட்டு வாசலில் வந்து நின்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுவார். அவர் ஓய்வு பெற்றதும் புதிதாக ஒருத்தன் வந்தான். வந்த மூன்றாம் நாள் ஒரே பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர், நாலு பஸ்ஸுக்கு ஆளே இல்லை. பழைய மேலாளர் ஷெட்டுக்கு ஆள் அனுப்பி இவளைக் கூப்பிட்டார். ஈரக் காலோடு போய் உட்கார்ந்தாள். நாற்காலிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. அது ஆச்சு ஒன்பது வருஷம். முட்டி இரண்டும் ஷெட்டிலேயே போய்விட்டது. இப்போது நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கே மேசையைப் பிடிக்க வேண்டும்.

அந்த நாற்காலிக்குத்தான் ஒரு திங்கட்கிழமை ஆபத்து வந்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு பெரிய தாள். அதில் நாள்வாரியாக எல்லா ஷிஃப்டும் இருக்கும். அதிலிருந்து வேண்டியதை மட்டும் சுருக்கிக் காட்டுகிற இன்னொரு தாளுக்குப் பிவட் டேபிள் என்று பெயர். அதன் தலையில் ஒரு சின்ன அம்புக்குறி. அழுத்தினால் டிரைவர்கள் பெயரெல்லாம் வரிசையாகக் கீழே இறங்கும். அதற்கு ஃபில்டர் என்பார்கள். எந்தப் பெயருக்கு டிக் போடுகிறோமோ அந்த ஆளின் ஷிஃப்ட் மட்டும் தெரியும். வம்பு என்னவென்றால், வேலையை விட்டுப் போனவன் அந்த அம்புக்குறியை விட்டுப் போக மாட்டேன் என்கிறான். அவனுடைய வரிகளையெல்லாம் பெரிய தாளிலிருந்து எடுத்து வேறு ஃபைலில் பூட்டி வைத்தாகிவிட்டது. ஒரு எழுத்து மிச்சமில்லை. ஆனாலும் அம்புக்குறியை அழுத்தினால் வந்து நிற்பான், வீட்டை விட்டுப் போகச் சொன்ன விருந்தாளி மாதிரி.

இத்தனை நாள் அது அவளோடு போயிற்று. புதிதாக வந்த மேலாளர் என்ன செய்தார், டிரைவர்கள் உட்காரும் கூடத்தில் ஒரு பெரிய டிவியை மாட்டி, பட்டியலை அதில் காட்டச் சொன்னார். அன்று அவள் அம்புக்குறியை அழுத்தியதும் மொத்தக் கூடமும் பார்த்தது. எண்பத்தொரு பெயர். டிப்போவில் இருக்கிற டிரைவர்கள் ஐம்பத்திரண்டு பேர். மிச்சம் இருபத்தொன்பதும் போனவன், ஓடினவன், துரத்தப்பட்டவன். அதில் ஒன்று அவள் புருஷன் பெயர்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னும் லிஸ்ட்ல இருக்காரே! நாளைக்குக் காலை ஷிஃப்ட் ஒண்ணு போட்டுப் பாருங்க, வந்தாலும் வருவார்" என்றான் ஒரு டிரைவர். கூடம் கொல்லென்று சிரித்தது.

"உனக்கு நாளைக்கு அதிகாலை நாலு மணி வண்டி. அதுக்கு முதல்ல நீ வந்து சேரு" என்றாள் அவள். சிரிப்பு நின்றது. ஆனால் மேலாளர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"அம்மா, வியாழக்கிழமை காலையில பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்துல இருந்து வர்றாங்க. இதே டிவியில பார்ப்பாங்க. ஐம்பத்திரண்டு இருந்தா உங்க சீட்டு உங்களுக்கு. எண்பத்தொண்ணு இருந்தா பட்டியலைப் பக்கத்து மேசைக்குக் குடுத்துட்டு நீங்க பழைய இடத்துக்கே போயிடுங்க."

பழைய இடம் என்றால் ஷெட்டு. அவள் முட்டி அப்போதே வலித்தது.

அறைக்குத் திரும்பியபோது ஓரகத்தி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேனே, சிலர் பேரை அழிக்கத் தெரியாம வச்சிருக்காங்களா, அழிக்க மனசில்லாம வச்சிருக்காங்களா?"

பட்டியல்காரிக்கு அது எங்கே போய்க் குத்தியது என்று சொல்ல வேண்டுமானால் ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும். அவள் புருஷனும் அந்த டிப்போவில் டிரைவர்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தால் கொடியில் அவன் சட்டை இல்லை. அலமாரியில் இல்லை. பெட்டி இரண்டும் இல்லை. இறங்கிக் கீழே போய், "அவர் ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓரகத்தி நிமிராமல், "அட, இன்னைக்கேவா போயிட்டார்?" என்றாள்.

இன்னைக்கேவா. சொன்ன பிறகுதான் அவளுக்கே கத்தி நின்றது. வேறொருத்தியோடு அவன் போகப்போவது அவளுக்கு மூன்று மாதமாகத் தெரியும். அவன் தம்பி, அதாவது அவள் புருஷன், அவளிடம் சொல்லியிருக்கிறான். மூன்று மாதமும் இவளோடு ஒரே கொடியில் துணி காயப்போட்டாள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தாள், 'என்னக்கா முகம் வாடியிருக்கு' என்றுகூட ஒரு நாள் கேட்டாள். இதை மட்டும் சொல்லவில்லை. புருஷன் போனதைப் பட்டியல்காரி ஆற்றிக்கொண்டாள். அவன் அப்படிப்பட்டவன்தான். இதை அவளால் ஆற்ற முடியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை. கேட்டால் அழுகை வந்துவிடும். அவள் எதிரில் அழுவதற்கு இவளுக்கு இஷ்டமில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து அதே ஓரகத்தி கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டோடு டிப்போவுக்கே டயர், டீசல் கிளார்க்காக வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டுத் தலைக்கு மேலே மாட்டினாள். சொல்லுங்கள், இது எப்படி இருக்கும்?

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பட்டியல்காரி அந்தப் பெயர்களோடு மல்லுக்கட்டினாள். ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பார்த்தாள். தூங்குமூஞ்சி. இவன் ஓட்டும்போதே கண்ணயர்ந்து சிக்னல் கம்பத்தைச் சாய்த்தவன். டிக் போட்டால் வெறும் தாள். வெற்றிலைவாயன். அவள் கழுவி முடித்த பஸ்ஸின் மேல் வேண்டுமென்றே துப்பிவிட்டு, 'இன்னொரு தடவை கழுவு' என்றவன். வெறும் தாள். ஹாரன்காரன். முதன்முதலில் அந்த விளையாட்டை ஆரம்பித்த புண்ணியவான். அவன் பெயரில் மௌஸை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். போகவில்லை. இருபத்தொன்பது பேரில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னவன் ஒருத்தன் கிடையாது. இத்தனை பேரும் போனபோது தொலைந்தது சனியன் என்றுதான் இருந்தாள். தொலையவில்லையே, உள்ளேயே உட்கார்ந்து தின்று கொழுத்திருக்கிறார்களே!

தெரிந்ததெல்லாம் செய்தாள். பெரிய தாளைத் திரும்பத் திரும்பத் துழாவினாள், எங்கேயாவது பழைய வரி ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை. ரீஃப்ரெஷ் என்பதை நாற்பது தடவை அழுத்தினாள். எண்பத்தொன்று. மொத்த ஃபைலையும் காப்பி எடுத்துப் புதுப் பெயர் வைத்துத் திறந்தாள். புது ஃபைலிலும் அதே கூட்டம் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது. புதிதாக ஒரு பிவட் கட்ட அவளுக்குத் தெரியாது. கட்டிக் கொடுத்த ஆள் வேறு ஊருக்குப் போய் வருஷமாச்சு. முக்குக் கடைக் கம்ப்யூட்டர்காரனிடம் கேட்டால், "ஃபைலைக் கொண்டாங்க" என்றான். ஆபீஸ் ஃபைல் வாசலைத் தாண்டக் கூடாது.

சாயங்காலம் எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்போது ஓரகத்தியின் திரை கண்ணில் பட்டது. டீசல் தாள். அதிலும் அதே மாதிரி அம்புக்குறி, கீழே பஸ் நம்பர்கள். பட்டியல்காரிக்கு பஸ் நம்பர் என்றால் பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. உடைக்கப் போட்ட பஸ் ஒன்றுகூட அதில் இல்லை. எரிந்துபோன பதினேழு இல்லை. ஆற்றில் இறங்கிய முப்பத்தொன்பது இல்லை. ஓடுகிற பஸ் மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஃபேனோடு பேசுகிறாள்.

பட்டியல்காரிக்கு உச்சி வரை ஏறியது. மறுபடியும் அதே கதை! தெரிந்ததை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, நான் குழியில் விழுகிற வரை காய் நறுக்குகிற கதை!

கேட்டுவிடலாம். மூன்றடிதான். 'எப்படிம்மா அழிக்கிறது?' இரண்டே வார்த்தை. அதைக் கேட்பதைவிட ஷெட்டில் போய்ச் சக்கரம் தேய்க்கலாம். அவள் பிடிவாதம் அப்படி. தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இன்னைக்கேவா என்ற வார்த்தையை அவர்கள் காதால் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை காலை வந்ததும் பிரிண்டரின் மூடியைத் திறந்தாள்.

"பிரிண்டரே, சட்டம் போட்டு மாட்டினா அது சர்டிபிகேட்டு. கழட்டிப் பார்த்தா பின்னாடி வெறும் அட்டை."

"ஃபேனே, நல்லாச் சுத்து. சிலருக்குத் தலை சூடு. நாளைக்கு ஷெட்டுத் தண்ணி ஜில்லுன்னு இருக்கும், சரியாப் போயிடும்."

"உடைச்ச பஸ் நம்பரெல்லாம் காணோமேன்னு பார்த்தேன், பிரிண்டரே. யாரோ வெளியாள் வந்து துடைச்சுக் குடுத்திருக்கான். பாவம், அவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுத்தாங்களோ இல்லையோ. பேரு மட்டும் இவங்களுக்கு."

பட்டியல்காரி பிரிண்டரில் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "தனக்குத் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறதும் ஒரு படிப்புதான். அதுக்கு எங்க சர்டிபிகேட்டு குடுக்கறாங்களோ!"

நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது.

"யாரும் வரல!" ஓரகத்தி எழுந்து நின்று ஃபேனைப் பார்த்துக் கத்தினாள். "கேட்டுக்கோ ஃபேனே, யாரும் வந்து துடைக்கல! டேபிள் மேல வச்சு மௌஸோட வலது பக்கத்த அழுத்தினா ஆப்ஷன்ஸ்னு வரும். அதுக்குள்ள டேட்டான்னு ஒரு பக்கம். பழசுல எத்தனைய ஞாபகம் வச்சுக்கணும்னு அங்க கேட்டிருக்கும். ஆட்டோமேட்டிக்னு இருக்கிறத நன்னுன்னு, ஒண்ணும் வேணாம்னு மாத்தி, ஓகே குடுத்து, அப்புறம் ரீஃப்ரெஷ்! மூணு வருஷம் முன்னாடி நானே பண்ணேன், இந்த ரெண்டு கையால! எவனுக்கும் டீ வாங்கிக் குடுக்கல!"

ஃபேன் பாட்டுக்குச் சுற்றியது. பட்டியல்காரி ஒரு பழைய ஷிஃப்ட் தாளின் முதுகில் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தாள். ஆப்ஷன்ஸ். டேட்டா. நன். ரீஃப்ரெஷ்.

ஓரகத்தி அந்தப் பேனாவைப் பார்த்தாள். அன்றைக்குக் கத்தி நின்ற மாதிரியே இன்றைக்கு அவள் வாய் நின்றது. மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஃபேனே, உன்னால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றாள்.

பட்டியல்காரி வலது பக்கத்தை அழுத்தினாள். ஓரகத்தி சொன்னது சொன்னபடியே இருந்தது. இத்தனை வருஷமும் பழசை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி அந்தப் பெட்டிதான் தானாகவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. மாற்றினாள். ரீஃப்ரெஷ் கொடுத்தாள். அம்புக்குறியை அழுத்தினாள். எண்ணினாள். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள். ஐம்பத்திரண்டு.

வெற்றிலைவாயன் இல்லை. ஹாரன்காரன் இல்லை. புருஷன் பெயர் இருந்த இடத்துக்குப் போனாள். மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன், இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு குறை. அவனைத் தனியாகப் பிடித்து, பெயரைப் பார்த்து, அழுத்தி ஒழிக்க வேண்டும் என்று இருந்தாள். அவன் கும்பலோடு கும்பலாக நழுவிவிட்டான். போகும்போதும் அவள் முகத்தைப் பார்த்துப் போகவில்லை. அதே புத்தி!

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும் வந்தார்கள். கூடம் நிறைய டிரைவர்கள். இன்றைக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது என்று ஓய்வில் இருந்தவன்கூட வந்திருந்தான். பட்டியல்காரி அம்புக்குறியை அழுத்தினாள். பெயர்கள் இறங்கின. சட்டென்று முடிந்தன. மேலாளர் உதட்டை அசைத்து எண்ணினார்.

"ஐம்பத்திரண்டு" என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி.

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். "மத்த பதினோரு டிப்போவுலயும் போனவங்க பேரு இப்படித்தான் தொங்குது. ஒருத்தராலயும் எடுக்க முடியல. நீங்க எப்படிம்மா எடுத்தீங்க?"

நானேதான் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். மூலையில் நின்ற ஓரகத்தியும் அதைத்தான் எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பட்டியல்காரி எழுந்தாள், மேசையைப் பிடித்துக்கொண்டு, முழுசாக நிமிர்ந்து.

"நான் கண்டுபிடிக்கலம்மா. அடுத்தவங்க வேலையை என் வேலைன்னு சொல்ல மாட்டேன். என் பக்கத்து மேசைக்கு இது மூணு வருஷமாவே தெரியும். நல்லாத் தெரியும்."

மரியாதை என்றால் இப்படி அல்லவா செய்ய வேண்டும்! கூடம் மொத்தமும் ஓரகத்திப் பக்கம் திரும்பியது. மேலாளர் முகம் சுருங்கியது.

"மூணு வருஷமாத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன்மா சொல்லல?"

அது பட்டியல்காரியின் கேள்வி. ஆறு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வி. வேறு ஒருத்தர் வாயிலிருந்து, நாற்பது பேர் முன்னால், சத்தமாக வந்துவிட்டது.

ஓரகத்தி யாரையும் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள். அந்தக் கூடத்தில் ஃபேன் கிடையாது.

"யாரும் என்கிட்ட கேக்கல சார்" என்றாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டாத்தான் சொல்வீங்களா? மூணடியில உட்கார்ந்துக்கிட்டு?"

தலைமை அலுவலக அம்மாதான் முடித்து வைத்தாள். "சரி, நல்லதாப் போச்சு. பதினோரு டிப்போ ஃபைலையும் அனுப்பி வைக்கிறேன். நீங்களே எல்லாத்தையும் சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்க." பதினோரு டிப்போ! ஓரகத்தி முகத்தில் ஈயாடவில்லை. பட்டியல்காரி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதில் அவள் உட்கார்ந்து அத்தனை சுகமாக யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் எப்போதும் போல ஒரே பஸ். ஓரகத்தி முன்வாசலில் ஏறினாள், பட்டியல்காரி பின்வாசலில். வீடு வந்தது. பட்டியல்காரி மாடிப்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு படி ஏறியிருப்பாள். கீழேயிருந்து குரல் வந்தது.

"படியே, அன்னைக்கும் யாரும் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கும் சொல்லியிருப்பேன்."

பட்டியல்காரி நின்றாள். திரும்பவில்லை.

"கைப்பிடியே, ஒரு விஷயம் இருக்குன்னே தெரியாதவ எதைன்னு கேப்பா? 'இன்னைக்கு என் புருஷன் ஓடிப்போற உத்தேசம் உண்டா'ன்னு தினமும் காலையில வந்து கேக்கணுமா?"

கீழே சாவி பூட்டுக்குள் போய் நின்றது.

"பயமா இருந்துச்சு, படியே. சொன்னா என்னைத்தான் அடிப்பாங்கன்னு."

"அடிச்சிருப்பேன், கைப்பிடியே" என்றாள் பட்டியல்காரி. "அதுல சந்தேகமே வேணாம். அடிச்சுட்டு, அப்புறம் அங்கயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அதுக்கும் ஒரு ஆள் இல்லாமப் பண்ணிட்டாங்க."

கீழ்வீட்டுக் கதவு அறைந்து மூடியது. மீதிப் படிகளையும் ஏறி, பூட்டைத் திறந்து, உள்ளே போய், மேல்வீட்டுக் கதவை அதைவிடச் சத்தமாக அறைந்தாள் பட்டியல்காரி. பாவம், அந்த வீட்டுக் கதவுகள்.